காட்சியும் கண்ணோட்டமும்

சொற்கள் நாளடைவில் தம் பொருளைத் துறப்பதுண்டு. ‘கண்ணோட்டம்’ அவ்வாறு துறந்த சொற்களுள் ஒன்று. அரசியல் கண்ணோட்டம், பொருளியல் கண்ணோட்டம், அவரவர் கண்ணோட்டம் என்று இன்று எழுதுகிறோம். ஒரு பொருளை எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதற்கு மேல் அச்சொல்லில் இப்போது ஒன்றும் இல்லை. திருக்குறளின் 58-ஆம் அதிகாரத்துக்கு வள்ளுவர் அதனைத் தலைப்பாக வைத்த காலத்தில் அது வேறு பொருள் தந்தது. கண் ஒருவர்மேல் சென்றவிடத்து நெஞ்சும் உடன் சென்று இளகுவதே கண்ணோட்டம். பார்ப்பதற்கும் இரங்குவதற்கும் இடையே ஒரு சொல்லளவு தொலைவும் இல்லாத மொழி நம்முடையது என்று பெருமை கொள்ளலாம். ஆயின் அத்தொலைவு நம் வாழ்வில் எவ்வளவு என்று அளந்து பார்த்தபின் கொள்வது நல்லது.

அளப்பதற்கு ஓர் இடம் வேண்டும். கடல் கடந்து வாழும் நம் குடும்பங்கள் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தாயகம் சென்று வருகின்றன. உற்றார் இல்லங்களில் விருந்து, குலதெய்வக் கோயில், துணிக்கடை என்று நாள்கள் ஓடும். அவற்றினூடே ஒரு நாளை ஒதுக்கி, பிறந்த மண்ணின் நாட்டுப்புறத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புவோம். கோவை, பொள்ளாச்சிப் பக்கத்தில் உறவினரை உடையோர்க்கு அந்நாளின் வண்டி பெரும்பாலும் மேற்கே திரும்பும். பொள்ளாச்சியிலிருந்து சென்று கோவிந்தாபுரம் எல்லையைக் கடந்தால் கேரளத்துப் பாலக்காட்டு மாவட்டத்தின் முதலமடை ஊராட்சி. காலையில் அங்கே ஒரு நீர்த்தேக்கம், ஒரு மாந்தோப்பு, மலையடிவாரம்; பிறகு பொள்ளாச்சிக்கே மீண்டு, உடுமலை வழியாகத் தெற்கே ஏறினால், மாலைக்குள் இடுக்கி மாவட்டத்து மறையூரின் பழங்கற்கள். ஈரநிலமும் தொல்லிடமும் ஒரே நாளில் கண்டு இரவுணவுக்கு வீடு திரும்பிவிடலாம். அந்த ஒரு நாளில் நம் கண் எங்கெங்கே செல்கிறது, எங்கே செல்ல மறுக்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

முதலமடை அழகிய ஊர். அதனை முதலில் ஒப்புக்கொள்வோம். தெற்கே நெல்லியாம்பதி மலைகள் சுவர்போல எழுந்து நிற்க, அவற்றின் அடியில் பனைகள் நின்ற வரப்புகளும் மாந்தோப்புகளும் பரந்து கிடக்கின்றன. இந்தியாவில் மிக முன்னதாகக் காய்க்கும் மாம்பழங்களுள் இவ்வூர்ப் பழங்கள் சேர்ந்தவை. பாலக்காடு–பொள்ளாச்சி இருப்புப்பாதை 1932-இல் திறக்கப்பட்டது. அப்பாதையில் உள்ள முதலமடை நிலையத்தில் ஆலமரங்கள் விழுதூன்றி நடைமேடைக்கு நிழல் தருகின்றன. அந்நிழலைத் தேடித் திரைப்படக்காரரும் வந்ததுண்டு. பக்கத்துக் கொல்லங்கோடு, 2023-ஆம் ஆண்டு சமூக ஊடகங்களில் உலவிய இந்தியாவின் அழகிய பத்துச் சிற்றூர்களின் பட்டியலில் இடம்பெற்றது. அதுமுதல் அவ்வயலோரங்களுக்கு வெளியூர் வண்டிகள் மிகுதியாக வரலாயின. பட்டியல் இடுவோர்க்கு இக்காலத்தில் உள்ள செல்வாக்கு அக்காலத்துப் பாணர்க்கும் இருந்திராது!

ஊர்ப்பெயரிலேயே இரு மொழிகள் ஒலிக்கின்றன. மலையாளச் செவிக்கு ‘முதல’ என்பது முதலை. ‘மட’ என்பது விலங்கு கிடக்கும் அளை. தமிழ்ச் செவிக்கோ ‘மடை’ என்றவுடன் வயலுக்கு நீர் பாயும் வாய் நினைவுக்கு வரும். ஆனைமலைப் பக்கத்தில் சேத்துமடை என்றோர் ஊரும் உண்டு. எது சரி என்று வழக்காட வேண்டியதில்லை. இரு பொருளிலும் நீர் இருக்கிறது.

அந்த நீரைக் காணத்தான் பயணிகள் சுள்ளியாறு, மீன்கரை என்னும் இரண்டு அணைகளுக்குச் செல்கின்றனர். பாரதப்புழையின் கிளையாகிய காயத்திரிப்புழைக்கு நீர் கொணரும் ஓடைகளை மறித்து, மீன்கரை 1964-லும் சுள்ளியாறு 1970-லும் கட்டப்பட்டன. மனிதன் கட்டியவற்றை ஈரநிலம் என்று சொல்லலாமா என ஐயுறுவோர் உண்டு. ஈரான் நாட்டு ராம்சர் நகரில் 1971 பிப்ரவரி 2 அன்று கையெழுத்தான பன்னாட்டு உடன்படிக்கை, இயற்கையாய் அமைந்தவை, செயற்கையாய் அமைந்தவை என்னும் வேற்றுமை பாராமல் இரண்டையும் ஈரநிலமாகவே கொள்கிறது. பறவைகளும் அவ்வாறே கொள்கின்றன. கோடையில் நீர் உள்வாங்கியபின் கரையோரச் சேற்றில் புல் முளைக்கும், மாடுகள் மேயும், அவற்றின் காலடியில் கொக்குகள் நடக்கும், நீர்க்காகம் பட்டுப்போன மரத்தில் சிறகு விரித்துக் காயும். மலையின் நிழல் நீரில் விழும் அக்காட்சியில் எவர் மனமும் சற்று நின்றுவிடும். தமிழில் ‘ஈரம்’ என்பதற்கு நீர்ப்பசை என்றும் பொருள். அன்பு என்றும் பொருள். நெஞ்சில் ஈரமில்லாதவன் என்று நம் பாட்டிமார் சொல்வது இன்றும் காதில் ஒலிக்கிறதன்றோ?

இனி, அந்த நீருக்கு ஒரு கணக்கும் உண்டு. மீன்கரையிலிருந்து சுற்றியுள்ள ஊர்களுக்குக் குடிநீர் செல்கிறது. மேலே மலையிலோ கணக்கு இன்னும் பெரியது. பறம்பிக்குளம் காடு முதலமடை ஊராட்சியைச் சேர்ந்தது. அங்கே பறம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் என மூன்று அணைகள் உள்ளன. மூன்றும் கேரள மண்ணில் நிற்பவை. கட்டியதும் காத்து வருவதும் தமிழ்நாடு. அங்குத் தேங்கும் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே சர்க்கார்பதி மின்நிலையத்துக்கு இறங்கி, பிறகு கால்வாய்களில் ஓடிக் கோவை, திருப்பூர் மாவட்டங்களின் வறண்ட நிலத்தை நனைக்கிறது. 1970 மே 29 அன்று இரு மாநிலங்களும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி. நீர் மணக்கடவில் சித்தூர் உழவர்க்காக விடப்பட வேண்டும். வந்தது, வரவில்லை என்னும் பேச்சு வறட்சிக் காலங்களில் இரு பக்கத்திலும் எழும். உடுமலைப் பக்கத்து நம் உறவினரின் தென்னை தழைத்திருப்பதற்கும் சித்தூர்ப் பக்கத்து ஒருவரின் நெல் வாடுவதற்கும் இடையே அந்தச் சுரங்கம் இருக்கிறது. எவர் பக்கம் நீதி என்று தீர்ப்பளிக்க நாம் இங்கே முற்படவில்லை. கரையில் நின்று ‘என்ன அழகான நீர்!’ என்று வியக்கும் கண்ணுக்கு அந்தக் கணக்கு தெரிவதில்லை என்பதையே சுட்டுகிறோம்.

அக்காட்டில் காடர், மலசர், மலைமலசர், முதுவர் ஆகிய குடியினர் வாழ்கின்றனர். அவர்களுடைய ஊராட்சி அலுவலகம் கீழே முதலமடையில் உள்ளது. ஆனால் வண்டி செல்லும் சாலை தமிழ்நாட்டு டாப்சிலிப், சேத்துமடை வழியாகச் சுற்றிக்கொண்டு வருவது. தம் ஊராட்சிக்குச் செல்ல அடுத்த மாநிலத்தைக் கடக்க வேண்டிய நிலை! நேர்வழி ஒன்று வேண்டும் என்பது அவர்களின் நெடுநாள் கோரிக்கை. புலிகள் காப்பகத்தைக் காணச் செல்லும் நமக்கோ அதே சுற்றுவழி இனிய காட்டுச் சவாரி.

காட்சியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும் இப்பழக்கம் நம்மோடு பிறந்ததன்று. 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் அதனை ஒரு கலையாகவே வளர்த்தனர். வில்லியம் கில்பின் என்னும் பாதிரியார் 1770-இல் வை ஆற்றின் வழியே சென்று கண்டவற்றை 1782-இல் நூலாக வெளியிட்டார். ஒரு நிலப்பரப்பு ஓவியத்துக்கு ஏற்றதா என்பதே அவர் பார்வைக்கு அளவுகோல். டின்டர்ன் என்னும் பழந்துறவுமடத்தின் இடிபாட்டைக் கண்டவர், அதன் முகட்டுச் சுவர்கள் மிக ஒழுங்காக நிற்பது கண்ணை உறுத்துகிறது, சுத்தியலால் சற்றே தட்டி உடைத்தால் அழகு கூடும் என்று எழுதினார். அந்த இடிபாட்டுக்குள்ளேயே குடிசை கட்டி, வருவோரிடம் இரந்து வாழ்ந்த ஏழைகளையும் அவர் கண்டார். அவர்தம் வறுமையை மறைக்காமல் எழுதினார். எழுதிவிட்டு அழகுக் கணக்கைத் தொடர்ந்தார். அவரை இதயமற்றவர் என்று சொல்ல இயலாது. கண் கண்டது, ஓடவில்லை. அவ்வளவே.

அக்காலப் பயணிகள் கையில் ஒரு சிறு கண்ணாடி வைத்திருந்தனர். சற்றே குவிந்து, கருநிறம் பூசப்பெற்ற அக்கண்ணாடிக்குக் கிளாடு என்னும் ஓவியரின் பெயரை இட்டனர். காட்சிக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணாடிக்குள் அதன் நிழலைப் பார்ப்பது முறை. 1769-இல் தாமசு கிரே என்னும் கவிஞர் ஏரிகள் நிறைந்த வட இங்கிலாந்தில் இக்கண்ணாடியும் கையுமாய்ச் சென்று, சேறுபட்ட வழியில் மல்லாந்து விழுந்து விரல்முட்டிகளைக் காயப்படுத்திக்கொண்டார். சுள்ளியாற்றுக் கரையில் நீருக்கு முதுகைக் காட்டிக் கைப்பேசியை உயர்த்தி நிற்கும் நம் பிள்ளைகளைப் பார்க்கும்போது, இருநூற்றைம்பது ஆண்டுகளில் கருவி மாறியதேயன்றி நிற்கும் நிலை மாறவில்லை என்று தோன்றுகிறது.

இனிச் சற்றுக் கடுமையான இடத்துக்கு வருகிறோம். பொள்ளாச்சியிலிருந்து முதலமடைக்குச் செல்லும் வண்டி கோவிந்தாபுரத்தைக் கடந்தே ஆக வேண்டும். அங்கே அம்பேத்கர் குடியிருப்பு என்று ஒன்று உள்ளது. சக்கிலியர் என்று கேரளத்திலும் அருந்ததியர் என்று தமிழ்நாட்டிலும் குறிக்கப்பெறும் மக்கள் அங்கு வாழ்கின்றனர். தேநீர்க் கடையில் தமக்குத் தனிக்குவளை என்றும், குடிநீர் எடுக்குமிடத்தில் தாம் ஒதுக்கப்படுவதாகவும் அவர்கள் 2017-ஆம் ஆண்டு முறையிட்டனர். செய்தித்தாள்கள் எழுதின, அரசியல் தலைவர்கள் சென்றனர், அப்படியொன்றும் இல்லை என்னும் மறுப்புரைகளும் எழுந்தன. கூப்பிடு தொலைவுகளில் இரண்டு அணைகள் நிறைந்து நிற்கும் ஊராட்சியில், குழாயடியில் யார் முன்னே யார் பின்னே என்பது வழக்காயிற்று. நீர்ப் பற்றாக்குறையால் எழுந்த வழக்கன்று அது.

தமிழராகிய நமக்கு இச்செய்தியில் தனிப் பங்கு உண்டு. அக்குடியிருப்பின் மக்கள் தமிழகப் பக்கத்திலிருந்து உழைக்க வந்து குடியேறியோரின் வழியினர். நம்மைப் போலவே, பிறந்த இடத்தை விட்டுப் பிழைக்க வந்தவர்கள். 1924-இல் வைக்கத்துத் தெருக்களுக்காகப் பெரியார் ஈரோட்டிலிருந்து எல்லை தாண்டிச் சென்ற வரலாற்றை நம் மேடைகளில் ஆண்டுதோறும் பெருமையுடன் பேசுகிறோம். அவர் காட்சி காணச் செல்லவில்லை என்பதை மட்டும் பேசுவதில்லை. சாதி எந்தச் சோதனைச் சாவடியிலும் நின்று அனுமதி கேட்பதில்லை, கடலையும் கடந்துவிட்டது. அமெரிக்காவில் சியாட்டில் நகர மன்றம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டத்தை இயற்ற வேண்டியிருந்தது. வேண்டியிருந்தது என்பதே நம் அவைகளில் பேசப்பட வேண்டிய செய்தி. நிறத்தாலும் கடவுச்சீட்டாலும் நம்மை ஒருவர் தாழ்த்திப் பார்த்தால் நெஞ்சு கொதிக்கிறது. கோவிந்தாபுரத்தில் வண்டியின் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கடந்து போகிறோம். அக்கொதிப்பும் இக்கண்ணாடியும் ஒரே மனிதரிடம் எப்படிக் கூடி வாழ்கின்றன?

மாம்பழத்துக்கும் இதுபோல் ஒரு மறுபக்கம் உண்டு. முதலமடைத் தோப்புகளில் எண்டோசல்பான் என்னும் பூச்சிமருந்து தெளிக்கப்பட்டதாகவும், அதனால் பிள்ளைகள் நலம் கெட்டதாகவும் அங்குள்ளோர் முறையிட்டுள்ளனர். உச்ச நீதிமன்றம் 2011 மே மாதத்தில் அம்மருந்தை நாடு முழுவதும் தடை செய்தது. பழத்தின் இனிமை பொய்யன்று. முறையீடும் அதே தோப்புகளிலிருந்து எழுந்தது.

இங்கே ஒரு தடை எழுகிறது. அது வலிமையான தடை, எளிதில் தள்ளத்தக்கதன்று. பரிமேலழகர் கண்ணோட்டம் என்பதை விளக்குமிடத்து, தன்னோடு பழகியவரைக் கண்டால் அவர் சொல்லை மறுக்க இயலாமை என்கிறார். பழக்கம் உள்ள இடத்திலேயே கண்ணோட்டம் பிறக்கும் என்பது அவர் கருத்து. அங்ஙனமாயின், காலையில் வந்து மாலையில் போகும் பயணிக்குக் கண்ணோட்டம் எப்படி வரும்? அவன் யாரோடும் பழகியவன் அல்லன். பழகாத உயிர்மேல் செல்லும் இரக்கத்துக்கு ‘அருள்’ என்று பெயர். வள்ளுவர் அதனைத் துறவியர்க்குரிய பகுதியில் வைத்துள்ளார். இல்லறத்தார்க்கு அன்பு, துறவியர்க்கு அருள். விடுமுறைக்கு வந்த குடும்பத்தலைவனிடம் துறவியின் அறத்தைக் கேட்பது முறையாகுமா?

உரையாசிரியர் பெரியவர்; ஆயினும் இவ்விடத்தில் அவரோடு முழுதும் உடன்பட நம்மால் இயலவில்லை. கண்ணோட்டத்தை வள்ளுவர் எங்கே வைத்தார் என்று பார்க்க வேண்டும். அறத்துப்பாலில் வைக்கவில்லை. பொருட்பாலில், அரசியலில், அரசனுக்குரிய பண்புகளுள் ஒன்றாக வைத்தார். அரசன் தன் குடிமக்கள் எத்தனை பேரோடு பழகியிருப்பான்? மிகச் சிலரோடுதான். பழகியவர்க்கு மட்டுமே அவன் கண் இரங்குமாயின் அது பண்பாகாது, ஓரவஞ்சனையாகும். கடமை சிதையாமல் கண்ணோட வேண்டும் என்று வள்ளுவரே வரம்பும் கட்டியிருக்கிறார். எனவே இது வலியவர்க்கு விதித்த அறம் என்றே நாம் கொள்கிறோம். மேலிருந்து பார்ப்பவன் கண் எளிதில் வழுக்கிச் செல்லும். வழுக்காமல் நிற்கும்படி அவனைப் பழக்குவதற்கே ஓர் அதிகாரம் வேண்டியிருந்தது. கீழிருந்து பார்ப்பவனுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மேலே இருப்பவன் முகத்தை அவன் எப்போதும் கூர்ந்து பார்த்தே வாழ வேண்டியவன்.

வெளிநாட்டுப் பணத்தோடு ஓர் எல்லைச் சிற்றூருக்கு வரும் நாம் அன்று ஒரு நாள் அரசரே. மறுக்க வேண்டாம். வண்டி நமக்காக நிற்கிறது. கடைக்காரர் நாற்காலியைத் துடைத்துப் போடுகிறார். காட்டுக்குடிப் பெண் ஒருத்தியைக் கேளாமல் படம் எடுக்கிறோம்; அவள் நம்மைத் திருப்பி எடுப்பதில்லை. பார்ப்பதற்கு நமக்கு உரிமை இருப்பதாகவும், பார்க்கப்படுவது அவர்கள் தொழில் என்பதாகவும் ஒரு நினைப்பு எப்படியோ வந்து சேர்ந்துவிடுகிறது. அந்த ஒரு நாளுக்காவது அரசர்க்குரிய அறம் நம்மைச் சாராதா?

கண் பழக்கமின்றியும் இரங்கும் என்பதற்குப் பறம்பிக்குளத்திலேயே ஒரு சான்று உண்டு. தூணக்கடவுப் பக்கத்தில் கன்னிமாரா என்னும் பெருந்தேக்கு நிற்கிறது. உலகில் உயிரோடு நிற்கும் மிகப் பெரிய தேக்குகளுள் ஒன்று. பல பேர் கைகோத்து நின்றாலன்றி அதன் அடிமரத்தை வளைக்க இயலாது. அதனை வெட்ட முயன்றபோது கோடரி பட்ட இடத்தில் குருதி பெருகியதாம். கண்டவர் கோடரியைக் கீழே போட்டு வணங்கினராம். அன்றுமுதல் அது கன்னி தெய்வம். கதைதான். ஆனால் அக்கதை கூறுவதைக் கவனிக்க வேண்டும். மரத்தில் குருதியைக் கண்ட கண், அந்த மரத்தோடு பழகிய கண் அன்று. கண்டதும் நின்ற கண். கொச்சி அரசு 1907-இல் இக்காட்டிலிருந்து சாலக்குடிக்கு ஒரு டிராம் பாதை அமைத்து, பல பத்தாண்டுகள் தேக்கையும் ஈட்டியையும் இறக்கிக்கொண்டே இருந்தது. அந்த மரங்கள் எவற்றிலும் குருதி வந்ததாகச் செய்தி இல்லை. கணக்கேடு பார்த்து வெட்டுபவனுக்கு அது தெரிவதில்லை போலும்.

பிற்பகலில் வண்டி மறையூருக்கு ஏறுகிறது. முதலமடையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர். நடுவில் தமிழ்நாட்டைக் கடந்து, சின்னாற்றுச் சோதனைச் சாவடியில் மீண்டும் கேரளத்துள் நுழைய வேண்டும். மலைமறைவில் மழை குறைந்த முட்காடு. பிறகு சந்தன மரங்கள். பிறகு கரும்பு வயல்கள். மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டக்குடி ஆகிய ஐந்தும் அஞ்சுநாடு எனப்படும். இன்றும் அங்கே தமிழ் பேசப்படுகிறது. மதுரைப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியோர் தாம் என்பது அம்மக்களின் மரபுச்செய்தி. ஆறும் அப்படியே, கேரளத்து ஆறுகள் பெரும்பாலும் மேற்கே ஓட, இங்குள்ள பாம்பாறு கிழக்கே திரும்பித் தமிழகத்து அமராவதியில் சேர்கிறது.

அங்கே பாறைமேடுகளில் நிற்பவைதாம் பழங்கற்கள். பலகைபோல் பிளந்த கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரு பெரும்பலகையை மூடியாக இட்ட சிற்றறைகள். இரும்புக்காலத்து மக்கள் தம் இறந்தோர்க்காக எழுப்பிய பெருங்கற்சின்னங்கள் என்று தொல்லியலார் கூறுவர். ஊரார் அவற்றை முனியறை என்பர். முனிவர் தவமிருந்த அறை என்றும், வனவாசத்தில் பாண்டவர் தங்கிய இடம் என்றும் கதை. பிணத்தறையை முனிவரின் அறையாக்கிய அக்கதையைச் சிலர் அறியாமை என்று நகைப்பர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. யார் என்று அறியாத ஒருவருடைய கல்லைக் கலைக்காமல் விட்டுவைக்க அம்மக்களுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, முனிவரை அமர்த்திக்கொண்டனர். அறிவியல் தெரிந்த நாமோ மூடுகல்லின்மேல் பிள்ளைகளை ஏற்றி உட்காரவைத்துப் படம் எடுக்கிறோம். அவற்றுள் பல சிதைந்துவிட்டன. கல்லுடைப்பும் ஒரு காரணம். காண வந்தோர் கைவைத்ததும் ஒரு காரணம்.

அக்கற்களின் முன் நின்று ‘நம் முன்னோர்’ என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். சொல்வதில் தவறில்லை எனினும், அச்சொல் எதைக் கேட்கிறது என்பதையும் எண்ண வேண்டும். அக்கல்லறை எழுப்பியோர் எம்மொழி பேசினர் என்று கல்லில் எழுதவில்லை. அவர் வழி வந்தவர் நாமா, காட்டில் வாழும் முதுவரா, அஞ்சுநாட்டாரா, அனைவருமா? குருதியால் உரிமை கொண்டாட ஆவணம் எதுவும் இல்லை. பேணுவதால் வரும் உரிமை ஒன்று உண்டு. அது முனிவர் கதை சொல்லிக் கல்லைக் காத்தவர்க்கே முதலில் சேரும். தொன்மையைக் காட்டிப் பெருமை பேசும் நாம், அத்தொன்மையின் அருகில் வாழ்வோரைக் காணாமல் திரும்புவோமாயின், அப்பெருமை கடன் வாங்கிய நகைபோன்றது.

‘விடுமுறையிலும் பாடமா?’ என்று கேட்போர் இருப்பர். ஆண்டெல்லாம் உழைத்தவன் ஒரு நாள் நீரும் மலையும் பார்த்து மகிழ்வதில் என்ன குற்றம்? குற்றம் ஒன்றும் இல்லை. அழகு மனிதனுக்கு உணவுபோல் வேண்டியது. ஒவ்வொரு காட்சியிலும் துயரத்தைத் தேடிக் குற்றவுணர்ச்சி கொள்ள வேண்டும் என்று நாம் கூறவில்லை. குற்றவுணர்ச்சி என்பது கண் மீண்டும் தன்மேலேயே திரும்புவது. அதிலும் எதிரே நிற்பவர் மறைந்துவிடுகிறார். அதனினும் கேடானது, ஏழைகளின் குடியிருப்பையே இன்னொரு காட்சியாக்கி வண்டியை நிறுத்திப் பார்ப்பது. அணையைப் பார்த்தோம், கல்லைப் பார்த்தோம், சேரியையும் பார்த்தோம் என்று பட்டியலில் ஒன்று கூட்டுவதற்கு, பாராமல் போவதே மேல்.

அப்படியானால் செய்யக்கூடியது என்ன? பரிமேலழகரை இப்போது மீண்டும் அழைத்துக்கொள்ளலாம். பழக்கம் வேண்டும் என்ற அவர் சொல்லில் ஓர் உண்மை இருக்கிறது. பழக்கம் இல்லையேல் அதனை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். நேரத்துக்கு இடங்களைக் குறைக்க வேண்டும். ஒரே நாளில் முதலமடையும் மறையூரும் என்னும் திட்டமே கண்ணோட்டத்துக்குப் பகை. ஆறு இடங்களுக்கு ஓடிய கண் எங்கும் ஓடவில்லை. எல்லைப்புறத்துத் தேநீர்க் கடையில் இறங்கி, எல்லாரும் குடிக்கும் குவளையில் குடித்து, பக்கத்தில் இருப்பவரோடு பேசுவதற்கு அரை மணி நேரம் ஆகும். பறம்பிக்குளம் செல்வோர், உடன் வரும் காட்டுக்குடி வழிகாட்டியிடம் புலி எங்கே என்று கேட்பதோடு, அவர் பிள்ளை எந்தப் பள்ளிக்கு எவ்வழியாகச் செல்கிறது என்றும் கேட்கலாம். பிள்ளைகள் நம்மினும் இதில் தேர்ந்தவர்கள். ‘ஏன் அப்படி?’ என்று கேட்கும் துணிவு அவர்களுக்குப் பள்ளியிலேயே பழக்கமாகியிருக்கிறது. அவர்கள் கேட்கும்போது நாம் வாயடைக்காமல் இருந்தால் போதும்.

மறையூர்க் கற்களை அடுத்த விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம். இம்முறை சுள்ளியாறு மட்டும். பங்குனியில் செல்வோர்க்கு நீர் வெகுவாக உள்வாங்கியிருக்கும். கரையோரச் சேற்றில் மாட்டுத்தடம் பார்த்து நடந்து செல்ல வேண்டும். அங்கே வலையை உலர்த்திக்கொண்டிருப்பவரிடம், இந்த ஆண்டு நீர் எப்படி, எதுவரை போதும் என்று கேட்டுப் பாருங்கள். அவர் தமிழிலேயே விடை சொல்லக்கூடும்.